ஆனைக்கல்லுக்குப் போன கத்திகள்

ஆடிக்கூழ் ஊற்றி முடித்த மறுநாள் காலையில் எங்கள் வாய்க்கால்பட்டியில் இருந்த கத்திகளெல்லாம் ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, இனிமேல் அதை மட்டும்தான் அறுப்பது, மற்றது எதையும் அறுப்பதில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தன. இந்திராணி கத்தரிக்காயை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தபோது கத்தி அதன்மேல் கரண்டியின் முதுகைப் போல வழுக்கிக்கொண்டு போனது. முனை மழுங்கியிருக்கும் என்று வாசற்படியில் நன்றாகத் தேய்த்துவிட்டு வந்து மறுபடியும் அழுத்தினாள், கத்தரிக்காய்தான் நசுங்கியது, அறுபடவில்லை. பக்கத்து வீட்டில் போய்க் கேட்கலாம் என்று வெளியே வந்தால், பக்கத்து வீட்டுக்காரி கையில் வெண்டைக்காயோடும் எதிர்வீட்டுக்காரி கையில் மீனோடும் இவளிடம் கேட்க வந்துகொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஊரே தயிர்சாதமும் அப்பளமும் சாப்பிட்டது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற காய், பழம், கறி, கயிறு, காகிதம் என்று எல்லாவற்றையும் கத்தியின் முன்னால் வைத்து, இதுவா, இதுவா என்று பொண்ணுக்குச் சேலை எடுப்பதைப் போலக் காட்டிப் பார்த்தார்கள். ஜெகதா வீட்டுக் கத்தி பெரிய வெங்காயத்தைப் பிடித்திருந்தது. மாவு மில்காரர் வீட்டு அரிவாள்மனை முருங்கைக்காயைப் பிடித்திருந்தது. தலைமையாசிரியர் தேனியிலிருந்து பெட்டியோடு வாங்கிவந்த புதுக் கத்திகள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிய மறுநாளே ஒன்று குளிக்கிற சோப்பையும், ஒன்று ரப்பர் செருப்பையும், இருப்பதிலேயே அழகானது கல்யாணப் பத்திரிகையையும் தவிர வேறெதையும் அறுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டன. இந்திராணி வீட்டுக் கத்திக்கு மட்டும் வெகுநாள் வரைக்கும் எதுவென்று தெரியாமல் இருந்து, கடைசியில் பலாப்பழம் என்று தெரிந்தது. பலாப்பழம் ஆனி ஆடியோடு முடிந்துவிடும் என்பதால் அது வருஷத்தின் மிச்ச நாட்களில் ஆணியில் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

ஏன் இப்படி ஆனது என்று முதல் வாரம் பேசினார்கள். இரண்டாம் வாரம், இன்றைக்கு யார் வீட்டில் பீர்க்கங்காய் அறுபடும் என்று பேசினார்கள். ஒரு மாதம் போவதற்குள் எல்லாம் பழகிவிட்டது. கத்திகளை இங்கும் அங்கும் தூக்கிக்கொண்டு அலைவதைவிடக் காய்களைத் தூக்கிக்கொண்டு அலைவது சுலபம் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்ததால், கத்திகள் வீட்டிலேயே இருந்தன, காய்கள் அவற்றைத் தேடிக்கொண்டு போயின. காலையில் ஊருக்குள் வருகிற யாரும் தட்டுகளிலும் முந்தானைகளிலும் காய் ஏந்திய பெண்கள் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்த்து ஏதோ திருவிழா என்று நினைத்துக்கொள்வார்கள். முடிதிருத்துகிற பரமனின் சவரக்கத்தி மீசையை மட்டும் எடுக்கும், தாடியைத் தொடாது என்பதால், மழித்த மேலுதடும் நீண்ட தாடியுமாகத் திரிந்த எங்கள் ஆண்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று மரியாதையாகக் கேட்டார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் நட்சத்திரம், படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, உங்க வீட்டுக் கத்தி என்ன அறுக்கும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். முருங்கைக்காய் என்று சொல்ல முடிந்த வீட்டுக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், சோப்பு என்று சொல்ல வேண்டியிருந்தவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. ஊரில் யாருக்கும் ரகசியம் என்று ஒன்று இல்லாமல் போனது. புடலங்காயோடு போகிறவள் வீட்டில் இன்றைக்குக் கூட்டு என்று தெரியும். கறியோடு போகிறவள் வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று தெரியும். வெங்காயமே அறுக்க வராதவள் புருஷனோடு பேசுவதில்லை என்று ஜெகதா அடித்துச் சொல்வாள், அது சரியாகவும் இருக்கும். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் காலையிலேயே பார்த்துவிடுகிறபடியால் யார் அழுதார்கள், யார் தூங்கவில்லை, யார் மனதில் என்ன ஓடுகிறது என்று எல்லாமே எங்களுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பந்தல்காரத் தவமணியின் மகன் தெய்வேந்திரனுக்கு இந்திராணியின் மகள் ரேணு என்ன பதில் சொல்லப் போகிறாள் என்பது.

ரேணு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். ஊசி குத்துவதற்கு முன்னால், வலிக்காது என்று ஒரு வார்த்தை சொல்வாள். அதுதான் அவள் நாள் முழுவதும் பேசுகிற பேச்சில் பாதி. தை பிறந்ததும் தவமணி பூவும் பழமுமாக வந்து பெண்ணைப் பார்த்து, பஜ்ஜியைச் சாப்பிட்டு, கிளம்பும்போது, "என்னம்மா, சம்மதம்தானே?" என்று கேட்டபோது, ரேணு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆனைக்கல்லுக்குப் போயிட்டு வந்து சொல்லுறேன்" என்றாள்.

"ஆனைக்கல்லுல யாரு இருக்கா, அவுககிட்டயா கேக்கணும்?" என்றாள் தவமணி.

"யாரும் இல்ல. அதுக்குத்தான் போறேன்."

ஆனைக்கல் என்பது எங்கள் ஊருக்குப் பின்னால் ஏறுகிற மலையின் உச்சியில் இருக்கிற பாறை. வேலை செய்கிற இடத்திலிருந்து ஷர்மிளாவும் இன்னும் இரண்டு பெண்களும் முதுகுப்பையோடு அங்கே ஏறி, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கி இறங்குவதாக ஏற்பாடு. மாசி பிறந்தால் காட்டுத்தீக்குப் பயந்து மலையை மூடிவிடுவார்கள், பிறகு திறப்பதற்குள் தவமணி வேறு வீட்டில் பஜ்ஜி சாப்பிட்டிருப்பாள், அல்லது இந்திராணியே சரி என்று தலையாட்டியிருப்பாள். யாரும் தன் முகத்தைப் பார்க்காத ஓர் இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து யோசித்து, சரியோ வேண்டாமோ, பதிலைத் தானே எடுக்க வேண்டும் என்பதுதான் ரேணுவுக்கு வேண்டியிருந்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள்தான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

மலைக்கு வழிகாட்டுகிற காளிராஜுக்கு ஒரு சட்டம் இருந்தது. கத்தி இல்லாத குழுவை அவன் ஏற்ற மாட்டான். போன மார்கழியில் மரவள்ளிக்கிழங்கு மட்டுமே அறுக்கிற கத்தியோடு ஏறிய நாலு ஆண்கள் உண்ணிச்செடிப் புதரில் மாட்டி, ஒரு பகல் முழுக்க நின்ற இடத்திலேயே நின்று, காளிராஜ் கையாலேயே முள்ளை விலக்கி ஒவ்வொருவராக வெளியே இழுக்க வேண்டியிருந்தது. ஆகையால், "புதர் வெட்ட ஒண்ணு, கயிறு அறுக்க ஒண்ணு, திங்கிறதுக்கு ஒண்ணு. மூணும் இருந்தா வாங்க. சும்மா பளபளன்னு ஒண்ணக் கொண்டாந்து இது எல்லாத்தையும் வெட்டும்னு சொன்னீங்கன்னா நான் அடிவாரத்துலயே உக்காந்துக்குவேன்" என்று சொல்லிவிட்டான். மற்ற மூன்று பெண்களும் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து விடுதியில் இருந்தவர்கள். விடுதியில் இருந்த ஒரே கத்தி ஜாம் அறுக்கும். ஜாமை எதற்கு அறுக்க வேண்டும் என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே கத்தி ரேணுவின் பொறுப்பு என்றானது.

மலைக்குக் கத்தி வேண்டும் என்று ரேணு ஒரு வீட்டில்தான் மெதுவாகக் கேட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் இந்திராணி வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பொழுதுக்கும் ஆணியிலும் பலகையிலும் கிடந்த தங்கள் கத்தி மலையுச்சியைப் பார்க்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. செய்தித்தாளில் சுற்றியும் துண்டில் மடித்தும் ஒவ்வொருவரும் கொண்டுவந்து தரையில் வைத்தார்கள். பாகற்காய் வீட்டுக்காரர்கள் பாகற்காய் உடம்புக்கு நல்லது என்றார்கள். தலைமையாசிரியர் கல்யாணப் பத்திரிகை அறுக்கிற கத்தியை நீட்டி, "எடைன்னு பாத்தா இதுதாம்மா லேசு" என்றார். ரேணு ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து, பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பார்த்து, மறுபடி எடுத்து வைத்தாள். எடுத்து வைக்கும்போதெல்லாம் ஒரு வீட்டுக்காரர்களின் முகம் வாடியது. ஒரு கத்திக்காக மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும் போலிருந்தது.

ஜெகதா கடைசியாக வந்தாள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"என்ன மதினி, மக எப்ப கெளம்புறா? வெங்காயக் கத்தி இல்லாம மலையில என்னத்தச் சமைச்சுத் திம்பாக? ஆனா ஒண்ணு, நான் அதக் குடுத்து அனுப்ப மாட்டேன். நானும் கூட வருவேன். என் கத்தி என்னைய விட்டு இருக்காது."

"அத்தே, ஏத்தம் செங்குத்தா இருக்குமாம்" என்றாள் ரேணு.

"அதனால என்ன, மெதுவா ஏறுவோம். நடுவுல நடுவுல உக்காந்து பேசிக்கிட்டே போவோம். அந்தத் தவமணி வீட்டுச் சம்பந்தத்தப் பத்தி உங்கிட்ட நான் நெறைய சொல்ல வேண்டியிருக்கு."

ரேணு கீழே கிடந்த கத்திகளைப் பார்த்தாள். ஜெகதாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்த, வெள்ளரிக்காய் அறுக்கிற சின்னக் கத்தியை எடுத்துப் பையில் போட்டாள். "வெங்காயம் வேணாம் அத்தே. நாங்க வெள்ளரிக்காயும் ரொட்டியும் சாப்பிட்டுக்குவோம்."

வெங்காயக் கத்தியை வேண்டாம் என்று ஒருத்தி சொல்லி எங்கள் ஊர் அதுவரை கேட்டதில்லை. ஜெகதா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வெள்ளரிக்காயத் திண்டு ஒருத்தி மலையேறப் போறா. ரத்தம் சுண்டிப்போய் வந்து நிப்பா, பாருங்க. அவளுக்கு ரத்தம் எடுக்க ஒரு சொட்டு இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புதர் வெட்டுகிற கத்தி கிடைத்தது எல்லோருக்கும் ஆச்சரியம். அது அரிவாளும் இல்லை, வெட்டுக்கத்தியும் இல்லை. ஜொகரா அக்காவின் வீட்டில் இருந்த, பச்சைப் பிளாஸ்டிக் பிடி போட்ட, ஆப்பிள் தோல் சீவுகிற கத்தி. அது எதையும் அறுக்கவில்லை என்று அக்கா அதைக் கோழிக்கூண்டுக் கதவுக்குக் கொண்டியாகப் போட்டிருந்தாள். ஒருநாள் கூண்டைச் சுற்றி வளர்ந்த உண்ணிச்செடியில் அது பட்டதும், செடி தலைமுடி விழுவதைப் போலச் சத்தமில்லாமல் கீழே விழுந்தது.

"எடுத்துட்டுப் போடியம்மா. எனக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல" என்றாள் ஜொகரா அக்கா. "ஆனா மேல நின்னு என் வீட்டு மொட்டைமாடிய ஒரு போட்டோ எடுத்துட்டு வரணும். நாப்பது வருஷமா அந்த மலைய நான் பாத்துக்கிட்டு இருக்கேன், அங்கருந்து பாத்தா நான் எப்படி இருக்கேன்னு தெரியல."

மிச்சம் இருந்தது கயிறு அறுக்கிற கத்தி. ஊரில் கயிறு அறுக்கிற கத்தி ஒன்றுதான். அது இருந்த வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும், ரேணுவுக்கும் தெரியும். அதனால்தான் அதைக் கடைசிக்கு வைத்திருந்தாள். பந்தல் போடுகிறவர்கள் வீட்டுக் கத்தி கயிற்றைத் தவிர வேறு எதைப் பிடிக்கும். முழங்கை நீளத்தில், மரப்பிடி போட்டு, நுனியில் லேசாக வளைந்திருக்கும். சணலோ நைலானோ, எந்தக் கயிறாக இருந்தாலும் அதன் நிழல் பட்டாலே பிரிந்துவிடும் என்று தவமணி சொல்லிக்கொள்வாள்.

தவமணி வெளியே போயிருக்கிற நேரமாகப் பார்த்து ரேணு போனாள். தெய்வேந்திரன் கடைக்கு முன்னால் சாமியானாத் துணிக் குவியலின் மேல் உட்கார்ந்து கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில் டீக்கடை. டீக்கடையில் எங்கள் ஊரில் பாதி.

"கத்தி வேணும்" என்றாள் ரேணு.

அவன் எழுந்து நின்றான். "மலைக்கா?"

"ம்."

"எப்ப கெளம்புறீங்க?"

"சனிக்கிழமை. நீங்களும் வருவேன்னு சொல்லுவீங்களா?"

"நானா?" அவன் பயந்துபோனான். "ஏணியில ரெண்டு படி ஏறுனாலே எனக்குத் தலை சுத்தும். பந்தக்காரன் வீட்டுல பொறந்து, கடைசி வரைக்கும் கீழ நின்னு கயிறு இழுக்குற ஒரே ஆளு நான்தான். நீங்க போயிட்டு வாங்க."

ரேணுவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டினாள், அவனும் அதே நேரத்தில் உள்ளே ஆணியில் தொங்கிய கத்தியை எடுத்து வந்து அந்தக் கையிலேயே கொடுத்தான்.

டீக்கடையில் தம்ளர்கள் பாதி வழியில் நின்றன.

கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது. கொடுப்பவர் கீழே வைக்க வேண்டும், வாங்குபவர் கீழேயிருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கத்திகள் வீட்டை விட்டு அசையாமல் இருந்த இத்தனை நாளில் கத்தியை வாங்குவதும் கொடுப்பதும் மறந்தே போயிருந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் தாங்கள் என்ன செய்தோம் என்று தெரியவில்லை. ரேணு கத்தியைப் பழைய வேட்டித்துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தெய்வேந்திரன் கயிற்றைச் சுருட்ட உட்கார்ந்தான். டீக்கடையில்தான் பேச்சு ஆரம்பித்தது.

சண்டை வரும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு காலத்துக்கு வரும் என்பதுதான் கேள்வி. கத்தியின் நீளத்தைப் பொறுத்தது என்று மில்காரர் சொன்னார். பேனாக்கத்தி என்றால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், காய்கறிக் கத்தி என்றால் ஒரு வருஷம் ஓடும், முழங்கை நீளம் இருக்கிறபடியால் இது ஆயுசுக்கும் நிற்கும். சரி, ஆயுசு முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் யார்? அண்ணன் தம்பிகள். இவர்கள் அது இல்லை. வரப்புத் தகராறுக்காரர்கள். இரண்டு குடும்பத்துக்கும் நிலமே இல்லை. "பக்கத்து வீட்டுக்காரங்களா இருந்தாலும் போடுவாங்களே" என்று பரமன் மட்டும் சொல்லிப் பார்த்தார். அவர்கள் வீடுகள் ஊரின் இரண்டு கோடியில் இருக்கின்றன என்று அவர் வாயை அடைத்தார்கள். மிச்சம் இருப்பது புருஷன் பெண்டாட்டிதானே. அப்படியானால் அந்தப் பெண் எல்லோர் முன்னாலும், நட்டநடு வீதியில், கை நீட்டிச் சம்மதம் சொல்லிவிட்டாள். மலைக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றது வெட்கம். இவ்வளவு தெளிவாக எங்கள் ஊரில் எதுவும் அதுவரை முடிவானதில்லை.

தவமணியிடம் சொன்னபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்திராணியிடம் சொன்னபோது, "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அவ" என்றாள். "உங்கிட்ட சொல்லுவாளா மதினி, அந்தக் காலத்துல நீ சொன்னியாக்கும்?" என்று ஜெகதா கேட்டாள். ரேணுவிடம் யாரும் சொல்லவில்லை, வெட்கப்படுகிற பெண்ணை மேலும் வெட்கப்படுத்த வேண்டாம் என்று.

சனிக்கிழமை விடியலில் நாலு பெண்களும் காளிராஜும் மலையேறினார்கள். அங்கே நடந்தது ஷர்மிளா பிற்பாடு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பச்சைப் பிடிக் கத்தியை ரேணு முன்னால் நீட்டிக்கொண்டு நடக்க நடக்க, ஆள் உயரத்துக்கு நின்ற உண்ணிச்செடிகள் இரண்டு பக்கமும் சாய்ந்து வழி விட்டன. காளிராஜ் புதரைத் தொடாத தன் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தக் கத்திய எனக்குக் குடுங்களேன், கேக்கக் கூடாது, இருந்தாலும் கேக்குறேன்" என்று பின்னாலேயே வந்தான். வெள்ளரிக்காய் தீர்ந்துபோகிற வரைக்கும் வெள்ளரிக்காய் தின்றார்கள். கரடிக்கு எட்டாமல் மரத்தில் கட்டித் தொங்கவிட்ட சாப்பாட்டுப் பையின் முடிச்சு காலைப் பனியில் ஊறி இறுகிப்போக, பந்தல்காரக் கத்தி அதை ஒரு தொடலில் அறுத்துப் பையை ஷர்மிளாவின் மடியில் போட்டது.

ஆனைக்கல்லில் ரேணு மற்றவர்களை விட்டுத் தள்ளிப்போய் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று நாங்கள் ஷர்மிளாவைத் துருவித் துருவிக் கேட்டோம். "நான் பாக்கல. அவ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தா" என்றாள். இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஜொகரா அக்காவின் மொட்டைமாடியைப் போட்டோ எடுக்கத்தான் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாறை விளிம்புக்கு வந்து ஊரைப் பார்த்தார்கள். தீப்பெட்டிகளைக் கொட்டிவிட்டதைப் போலச் சாம்பல் நிறத்தில் கிடந்த ஊரின் ஒரு கோடியில், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு துணி கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டிருந்தது.

"அழகா இருக்குல்ல. யாரு வீட்டு விசேஷம்?" என்றாள் ஷர்மிளா.

ரேணு வாய்க்கால் பாலத்திலிருந்து வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். எண்ணிக்கை முடிந்த இடத்தில் அவள் வீடு இல்லை, துணிதான் இருந்தது.

அவள் இறங்கிய வேகத்துக்குக் காளிராஜால் ஈடு கொடுக்க முடியவில்லை.

மத்தியானம் நாங்களெல்லாம் பந்தலுக்குக் கீழே பந்தியில் உட்கார்ந்திருந்தோம். வெறும் பூ வைக்கிற சடங்குதான், கல்யாணம் மாசியில் என்று தவமணி சொல்லியிருந்தாள், ஆனாலும் தன் ஒரே மகனுக்கு என்பதால் இருக்கிற துணியையெல்லாம் எடுத்து வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போட்டிருந்தாள். கயிறு அறுக்கிற கத்தி மலைக்குப் போய்விட்டதால் கயிறுகளை அளவாக அறுக்க முடியாமல், கட்டியது போக மிச்சமெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் வீதியில் பாம்பு பாம்பாகக் கிடந்தது. குழந்தைகள் அதில் தடுக்கி விழுந்தார்கள். சாம்பார் வந்து, ரசம் வருகிற நேரத்தில் ரேணு முதுகுப்பையோடு வீதி முனையில் வந்து நின்றாள். முழங்கால் வரைக்கும் செம்மண். தலைமுடியில் உண்ணிப்பூ.

"வந்துட்டா, வந்துட்டா! ஏ இந்திராணி, மொதல்ல குளிக்கச் சொல்லு!" என்று தவமணி இலையிலிருந்து எழுந்தாள்.

"என்னம்மா இது?" என்றாள் ரேணு, இந்திராணியைப் பார்த்து. இந்திராணி கையில் ரச வாளியோடு நின்றாள்.

"நீதானடி கத்தியக் கையோட வாங்குன?" என்றாள் ஜெகதா. "ஊரே பாத்துச்சு."

ரேணுவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு மெல்ல மெல்லப் புரிந்தது. அவள் முகத்தில் அது புரிகிற அழகை நாங்கள் எல்லோரும் ரசத்தைக் கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு பந்தலின் மூலைக் கம்பத்தருகே, எப்போதும் போலக் கீழே நின்றுகொண்டிருந்த தெய்வேந்திரனிடம் போனாள்.

"நீங்களுமா?"

"நான் வெள்ளிக்கிழமையில இருந்து சொல்லிக்கிட்டே இருக்கேன். நான் கத்தியத்தான் குடுத்தேன், அவுக கத்தியத்தான் வாங்குனாகன்னு. யாரும் காதுல வாங்கல. கயிற இழுடான்னாங்க."

"இழுத்தீங்களா?"

"இழுக்காம விட்டா மேல நிக்கிறவன் விழுந்துருவான்ல."

ரேணு முதுகுப்பையைக் கழற்றிக் கீழே வைத்து, வேட்டித்துணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். வெளியே எடுத்த கத்தியை அந்தக் கம்பத்தின் கயிற்றில் வைத்தாள். வைத்ததுதான் தெரியும். கயிறு பெருமூச்சு விட்டதைப் போல விலகியது.

"ஏய், ஏய், என்னடி பண்ணுற?" என்று யாரோ கத்தினார்கள். அவள் அடுத்த கம்பத்துக்குப் போயிருந்தாள். ஓடவில்லை. ரத்தம் எடுக்கிற இடத்தில் ஒரு ஆளை முடித்துவிட்டு அடுத்த ஆளிடம் போகிற மாதிரி, நிதானமாக, கம்பம் கம்பமாகப் போனாள். ஒவ்வொரு கயிற்றையும் அறுப்பதற்கு முன்னால், "வலிக்காது" என்று மெதுவாகச் சொன்னாள். அவள் அதைக் கயிற்றிடம் சொன்னாளா எங்களிடம் சொன்னாளா என்று இன்னும் எங்களுக்குள் தீரவில்லை. சிவப்பும் மஞ்சளும் பெரிதாக ஒருமுறை காற்றில் உப்பி, பிறகு மெத்தென்று இறங்கி, தலைமையாசிரியரையும் மில்காரரையும் பரமனையும் ஜெகதாவையும் பந்தியோடு சேர்த்து மூடியது.

எழுந்து ஓடியிருக்கலாம்தான். ஆனால் இலையில் சோறு இருந்தது. தலைக்கு மேல் துணி கிடந்தால் என்ன, கைக்கும் வாய்க்கும் வழி தெரியும் என்று நாங்கள் சாப்பாட்டைத் தொடர்ந்தோம். ரச வாளி துணிக்குக் கீழே ஒரு மேடாக நகர்ந்து நகர்ந்து வந்தது, யாருக்கு வேண்டுமோ அவர்கள் தலைக்கு மேலே துணியைத் தட்டினார்கள். அப்பளம் உடைகிற சத்தம் கேட்டது. வெளியே ரேணுவின் குரல் கேட்டது. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"நான் இன்னும் பதில் சொல்லல. சொல்ல வேண்டிய ஆளுகிட்ட நானே சொல்லுவேன். அதுவரைக்கும் எங்க வீட்டு வாசல்ல யாரும் ஒரு கயிறு கட்டக் கூடாது."

துணிக்குக் கீழே எங்கோ இந்திராணி சிரித்தாள். முதலில் மெதுவாக, பிறகு அடக்க முடியாமல்.

ஆனால் ஒரு மூலை மட்டும் விழாமல் நின்றது. தவமணியும், அவளோடு எங்களில் நாலைந்து பேரும் அந்த மூலைக்குக் கீழே இருந்தோம். துணி அங்கே ஒரு ஜன்னல் அளவுக்குத் தூக்கி நின்றதால், வெளியே ரேணுவும் தெய்வேந்திரனும் எதிரெதிரே நிற்பது எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நாங்கள் அந்த ஜன்னலுக்குள் முகங்களை அடைத்தோம். பின்னால் இருந்தவர்கள், "என்ன நடக்குது, என்ன நடக்குது?" என்று முதுகில் குத்தினார்கள். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், எங்களைப் பார்த்தான், மூடினான். பிறகு அந்த மூலைக் கம்பத்தைக் காட்டினான்.

"இதுக்கு ரெண்டு கயிறு. பின்னால ஒண்ணு இருக்கு, நீங்க பாக்கல."

ரேணு எட்டிப் பார்த்தாள். "அதுக்குக் கீழ உங்க அம்மா இருக்காக."

"தெரியும். துணிதான."

"டேய்!" என்றாள் தவமணி.

ரேணு கம்பத்தின் பின்பக்கம் போனாள். ஒரு கணம் அவள் முகம் எங்களுக்குத் தெரிந்தது, அதில் என்ன இருக்கிறது என்று படிப்பதற்குள் ஜன்னல் மூடிக்கொண்டது. சிவப்பு வெளிச்சத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, துணியில் காதை வைத்துக் கேட்டோம். வெளியே அவர்கள் நடந்து போகிற சத்தம் கேட்டது. அவன் என்னவோ கேட்டான். அவள் என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.